பூட்டுக்காரன் மேல் படிந்த கனிமம்

நான் செய்கிற பூட்டை உள்ளேயிருந்து திறக்க முடியாது. இதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான், கனிமத் துறை அந்தப் பூட்டுக்குள்ளேயே என்னை வைத்துப் பூட்டும் வரைக்கும்.

ஏன் அப்படி ஒரு பூட்டு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏதோ சிறைச்சாலைக்குச் சரக்கு போடுகிறவன் என்று நினைத்துக்கொள்வீர்கள். அது என் அப்பாவுக்காகச் செய்தது. அவர் முப்பத்தோரு வருடம் கனிமத் துறை ஆபீசில் ரிக்கார்டு ரூமைப் பார்த்துக்கொண்டவர். ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடமாகிறது. ஆனால் இரண்டு வருடமாக அந்த ஓய்வு அவருக்கு மறந்துபோய்விட்டது. காலையில் குளித்து, சட்டையைப் பேன்ட்டுக்குள் விட்டுக்கொண்டு, காலி டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிவிடுவார். பாதி வழியில் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்பதும் மறந்துவிடும். மூன்று தடவை தேடிப் பிடித்துக் கூட்டிவந்தேன். மூன்றாவது தடவை ஒரு லாரி டிரைவர்தான் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டார். வண்டிக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாராம்.

அந்த வாரமே பூட்டைச் செய்தேன். வெளியே சாவித் துவாரம், உள்ளே வெறும் தகடு. காலையில் அப்பாவை உள்ளே விட்டுப் பூட்டிவிட்டு வேலைக்குப் போவேன். ஒரு மணிக்கு வந்து சாப்பாடும் மாத்திரையும் கொடுப்பேன். பெற்ற அப்பனை வைத்துப் பூட்டுகிறான் என்று தெருவில் இரண்டு பேர் பேசினார்கள். பேசட்டும். அவர்கள் அப்பா லாரிக்கு முன்னால் போய் நிற்கவில்லை.

கனிமத் துறை ஆபீஸ் வாட்ச்மேன் அப்பாவின் பழைய சிநேகிதர். அவர்தான் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். அப்பா ஓய்வு பெற்ற அன்றைக்குப் பூட்டிய ரிக்கார்டு ரூமை அப்புறம் யாருமே திறக்கவில்லையாம். சாவி தொலைந்துவிட்டதாம். தொலைந்த விஷயமே போன வாரம், வெள்ளையடிக்க ஆள் வந்தபோதுதான் தெரிந்ததாம்.

"பன்னெண்டு வருஷமா ஒருத்தருக்கும் ஒரு ஃபைல் கூட வேணாமா இருந்துச்சா?" என்றேன்.

"கேக்குறவங்களுக்கு, பரிசீலனையில இருக்குன்னு சொல்லிடுவாங்க தம்பி. அது பொய்யில்ல. உள்ளதான இருக்கு."

ரூம் மாடியில், நேரே மொட்டைமாடிக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. கதவில் மட்டும் ஃபைல் கொடுப்பதற்கென்று ஒரு சின்னத் திறப்பு, கை நுழையும், தலை நுழையாது. பழைய பூட்டைக் கால் மணி நேரத்தில் எடுத்துவிட்டேன். புதுப் பூட்டு ஒன்று போடச் சொன்னார்கள். இருப்பதிலேயே நல்லதாகப் போடு என்றார்கள். போட்டுச் சாவியையும் அவர்களிடமே கொடுத்தேன், என் புத்தி. பிறகு உள்ளே ஒரு இரும்பு அலமாரியையும் திறக்க வேண்டும் என்றார்கள்.

கதவைத் திறந்ததும் வந்த நெடியில் வாட்ச்மேன் நாலு படி இறங்கிவிட்டார். மேலே காற்றுத் துவாரம் வழியாக வௌவால் புகுந்து பல தலைமுறை குடும்பம் நடத்தியிருக்கிறது. ஃபைல்கள் மேலும் தரையிலும் சுவர் ஓரத்திலும் வெள்ளையும் மஞ்சளுமாக ஏதோ படிந்து கிடந்தது. ஊசி ஊசியாக, லேசாக மினுங்கியது. நான் அலமாரியைத் தட்டித் திறந்ததில் அது உதிர்ந்து என் தலை, சட்டை, செருப்பு எல்லாம் அப்பிக்கொண்டது.

அப்போதுதான் அந்த மேடம் வந்தார். சின்ன வயது, கழுத்தில் கயிறு கட்டி ஒரு லென்ஸ் தொங்கியது. அவர் அந்தத் துறையின் கனிம நிபுணர் என்று பிறகு தெரிந்தது. வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடத்தில் அவர் பார்த்த கனிமம் எல்லாம் காகிதத்தில் எழுதியதுதானாம். ஒரு துணுக்கை எடுத்து லென்ஸில் பார்த்தார். தன் அறைக்கு ஓடினார். அரை மணி கழித்துத் திரும்பி வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"யூரியா" என்றார்.

"மூட்டையில வருமே, பயிருக்குப் போடுறது, அதுவா?"

"அது தொழிற்சாலையில செய்றது. அது உரம். இது இயற்கையா உண்டானது. இது கனிமம். கரிமக் கனிமம். வௌவாலோட சிறுநீர் ரொம்ப உலர்ந்த எடத்துல வருஷக்கணக்கா காய்ஞ்சு படிகமாகும். ஒரு சொட்டு தண்ணி பட்டா கரைஞ்சிடும். உலகத்துல ரொம்ப அபூர்வம்."

"மூட்டையில இருக்கிறதும் இதுவும் வேற வேறயா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்புறம் என்ன?"

"மனுஷன் செஞ்சா சரக்கு. தானா வந்தா கனிமம்."

சரி, நமக்கென்ன என்று நான் கருவிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மணி பன்னிரண்டே கால். அதற்குள் துணை இயக்குநர் மூச்சு வாங்க மாடியேறி வந்துவிட்டார். எப்போதும் கையில் ஒரு விதிப் புத்தகம் வைத்திருப்பவர், பக்கங்களுக்கு நடுவே விரலைக் கொடுத்தபடியே நடப்பார். அவர் கேட்ட முதல் கேள்வி, "கதவு ஏன் திறந்திருக்கு? ஈரக்காத்து போகுதே."

கதவைச் சாத்தினார். என் பூட்டு தானாக விழுந்து கொள்ளும் வகை. 'டக்' என்றது. அந்தச் சத்தத்தை நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன், வெளியே நின்றுகொண்டு. உள்ளேயிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. 

திறப்பு வழியாகச் சொன்னேன், "சார், நான் உள்ள இருக்கேன்."

"தெரியும். உங்க சட்டையில கனிமம் இருக்கு. செருப்புல இருக்கு. கனிமத்தை எடுத்த எடத்துலேர்ந்து வெளிய கொண்டுபோகப் போக்குவரத்துச் சீட்டு வேணும். சீட்டு இல்லாம கொண்டுபோனா அது கடத்தல்."

"தட்டி விட்டுட்டு வர்றேன் சார்."

"தட்டக் கூடாது. படிவுல கை வைக்கிறது சுரங்கம் தோண்டுறதுக்குச் சமம். குத்தகை இருக்கா?"

எனக்குக் கோபம் வரவில்லை. ஏதோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். சீட்டு கொடுங்கள் என்றேன். எடை கேட்டார். என் மேல் எவ்வளவு கனிமம் ஒட்டியிருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? போய்ச் சேருமிடம் கேட்டார். வீட்டு விலாசம் சொன்னேன். வாகனத்தின் பதிவு எண் கேட்டார்.

"நடந்துதான் வந்தேன்."

"அப்ப வாகனம் நீங்கதான். உங்க பதிவு எண்?"

"எனக்கு அப்படி எதுவும் இல்ல சார்."

"பதிவு பண்ணாத வாகனத்துல கனிமம் ஏத்தியிருக்கீங்க" என்று வருத்தத்தோடு எழுதிக்கொண்டார். "அதுவும் போகட்டும். சீட்டுப் புத்தகம் ஏழாம் நம்பர் ரேக்குல இருக்கு. அந்த ரேக் உங்களுக்குப் பின்னாடி இருக்கு. ஆனா அது மேல முழுக்கக் கனிமம் படிஞ்சிருக்கு. தொட்டுடாதீங்க."

திரும்பிப் பார்த்தேன். ரேக் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

அப்புறம் என் பையைக் கேட்டார். சரி பார்த்துவிட்டுத் தருவார் என்று திறப்பு வழியாகக் கருவிகளை ஒவ்வொன்றாக நீட்டினேன். உளி, சுத்தி, திருப்புளி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு ஒரு காகிதம் ஒட்டினார். 'அனுமதியற்ற சுரங்கக் கருவிகள், பறிமுதல்' என்று எழுதியிருந்தது.

"அதுலயும்தான் கனிமம் ஒட்டியிருக்கு. அது மட்டும் எப்படி வெளிய போகுது?"

"பறிமுதலுக்குச் சீட்டு தேவையில்ல."

"அப்ப என்னையும் பறிமுதல் பண்ணுங்க."

புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆளைப் பறிமுதல் பண்ண விதியில்ல, கைதுதான் பண்ணலாம். அதுக்குப் போலீஸ் உள்ள வரணும். வந்தா அவங்க மேலயும் ஒட்டும். அப்புறம் அவங்களையும் வெளிய விட முடியாது" என்றார். இதைச் சொல்லும்போது அவர் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. அந்த இரக்கத்தைப் பார்த்ததும்தான் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

ஒன்றே காலுக்குப் பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தாள்.

"எங்கடா இருக்க? அப்பா ஜன்னல்ல நின்னுக்கிட்டு போறவங்க வர்றவங்களை எல்லாம் கூப்பிடுறாரு. ஆபீசுக்கு நேரமாச்சு, கதவைத் திறங்கன்னு கெஞ்சுறாரு. பாக்க முடியல தம்பி."

"ஜன்னல் வழியா ஏதாவது சாப்பிடக் கொடுங்கக்கா. வந்துடுறேன்."

"மாத்திரை?"

மாத்திரை வீட்டு அலமாரியில் இருந்தது. அலமாரியிலும் என் பூட்டுதான். எல்லாச் சாவியும் என் பேன்ட் பாக்கெட்டில்.

சாவிக் கொத்தை எடுத்துத் திறப்புக்குள் நீட்டினேன். வாட்ச்மேன் வாங்கிக்கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்துவிட்டு வருவதாகச் சொன்னார், நல்ல மனிதர். துணை இயக்குநர் குறுக்கே வந்துவிட்டார். சாவியின் பல் இடுக்கில் வெள்ளையாக இருந்ததாம். லென்ஸ் மேடத்தைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அவர் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, "இருக்கு சார்" என்றார்.

"துடைச்சுட்டுக் குடுக்கிறேன்."

"சாவியிலிருந்து துணிக்கு மாறுனா அது ரெண்டாவது போக்குவரத்து. அதுக்குத் தனிச் சீட்டு."

"எங்கப்பா பூட்டின வீட்டுக்குள்ள இருக்கார் சார். வயசானவர். மாத்திரை போடணும். சாவியைப் பறிமுதலாவது பண்ணித் தொலைங்க."

"பறிமுதல் பண்ணா சாவி கருவூலத்துக்குப் போகும். பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போகாது" என்றார்.

மூன்று மணிக்கு இயக்குநர் வந்தார். தன் சொந்த ஆபீசின் மாடியை அவர் அன்றுதான் பார்க்கிறார் என்று வாட்ச்மேன் முணுமுணுத்தார். கதவுக்கு வெளியிலேயே நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தது. என் விஷயமாகத்தான் என்று ஆசையோடு காதைக் கொடுத்துக் கேட்டேன். அரசாங்கக் கட்டடத்துக்குள் உண்டானதை இயற்கை என்று சொல்லலாமா என்பதுதான் விஷயம். மனிதனுக்கு அதில் பங்கு இருந்தால் கனிமம் இல்லை என்று ஆகிவிடுமாம்.

"வௌவால்களை நாம நியமிச்சோமா?" என்று கேட்டார் இயக்குநர்.

"நியமன உத்தரவு எதுவும் இல்ல சார். தானா வந்து, தானா வேலை பார்த்திருக்கு" என்றார் துணை இயக்குநர்.

"அப்ப இயற்கைதான். நம்ம ஆபீஸ்ல யாரும் தானா வேலை பார்த்ததில்ல."

இதைக் கேட்டு ஒருவரும் சிரிக்கவில்லை. தீர்மானமாக எழுதிக்கொண்டார்கள்.

நான் திறப்பில் வாயை வைத்து, எப்போது சார் கதவைத் திறப்பீர்கள் என்று கேட்டேன். உலர்காலம் தொடங்கி ஈரப்பத அறிக்கை வந்ததும் திறக்கலாம் என்றார் துணை இயக்குநர். எப்போது வரும்? நாலு மாதத்தில்.

"நாலு மாசம் உள்ளயே இருக்கணுமா?"

"கொஞ்சம் மெதுவா பேசுங்க. மூச்சுல ஈரம் இருக்கு."

அதற்கப்புறம் உத்தரவு மேல் உத்தரவாக வந்தது. தண்ணீர் வேளைக்கு அரை டம்ளர், சிந்தக் கூடாது. டீ ஆறிய பிறகுதான், ஆவி போனதை ஒருவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். வியர்க்கக் கூடாது. மொட்டைமாடி வெயில் தலையில் இறங்குகிறது, எப்படி வியர்க்காமல் இருப்பது என்றேன். அசையாமல் உட்காருங்கள் என்றார்கள். சிறுநீர் கழிக்க வேண்டும் என்று சொன்னபோதுதான் உண்மையான கலவரம் வெடித்தது. நான் அந்த ரூமுக்குள்ளேயே கழித்தால் பன்னிரண்டு வருடப் படிவு கரைந்துவிடும், காய்ந்த பிறகு மனிதன் செய்த யூரியா கலந்துவிடும். இரண்டு மணி நேரம் ஆலோசித்தார்கள். நான் கால் மேல் கால் போட்டுக்கொண்டு ஒரு மூலையில் நின்றேன். கடைசியில் திறப்பு வழியாக மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் கேன் வந்தது. அதில் 'இது கனிமம் அல்ல' என்று எழுதி இரண்டு அதிகாரிகள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

அன்றைக்கு ராத்திரி அங்கேயேதான் கிடந்தேன். அப்பா எங்கே தூங்கினார், தூங்கினாரா என்று தெரியாது. அவர் ஜன்னலில் நின்று கூப்பிடுவது மட்டும் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு வருடமாகத் தினமும் அப்படித்தான் கூப்பிட்டிருப்பார். அப்போது நான் ஏதோ ஒரு தெருவில் என் பூட்டைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டிருந்திருப்பேன். நினைக்க நினைக்க அழுகை வந்துவிட்டது. சத்தம் கேட்டு வந்த காவலாள் திறப்பில் டார்ச் அடித்து, "சார், அழுறதுன்னா கேன்ல அழுங்க சார், என் வேலை போயிடும்" என்றான்.

காலையில் அக்கா மறுபடி கூப்பிட்டாள். என் போனில் உயிர் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது.

"கடைத்தெரு பூட்டுக்காரனைக் கூட்டிட்டு வந்தேன் தம்பி. உன் பூட்டைப் பாத்ததும் கும்பிடு போட்டுட்டுப் போயிட்டான். அப்புறம் நானே திருப்புளி எடுத்து கீலைக் கழட்டிட்டேன். நாலு திருகாணிதான். வெளிப்பக்கமா வச்சிருக்கியே, யாராவது அப்படி வைப்பாங்களா?"

இருபது வருடத் தொழில். உலகத்தில் யாராலும் திறக்க முடியாத பூட்டைப் போட்டுவிட்டு, கீலை வெளிப்பக்கம் வைத்திருக்கிறேன். வெட்கப்படக்கூட நேரமில்லை.

"அப்பா எப்படி இருக்கார்?"





"சாப்பாடு எடுத்துட்டு வரத் திரும்புனேன் தம்பி. ஒரு நிமிஷம்தான். வந்து பாத்தா ஆள் இல்ல. டிபன் பாக்ஸும் இல்ல. தெருமுனை வரைக்கும் ஓடிப் பா…"

போன் அணைந்துவிட்டது.

கதவில் முட்டினேன். கையால், காலால், தோளால். என் பூட்டு, இம்மி அசையவில்லை. துணை இயக்குநர் ஓடி வந்தார். அப்பாவைக் காணோம், லாரி போகிற ரோடு, என்னை விட வேண்டாம், வாட்ச்மேனையாவது அனுப்புங்கள் என்று கத்தினேன்.

"வாட்ச்மேன் இன்னைக்குக் கதவுல நிக்கணும். அமைச்சர் வர்றார்."

"ஆளைக் காணோம்னு சொல்றேன் சார்."

"ஆள் காணாமப் போறது வேற துறை" என்றார் அவர். லென்ஸ் மேடம் மட்டும் திறப்புக்குப் பக்கத்தில் வந்து, அப்பா என்ன நிறச் சட்டை போட்டிருப்பார் என்று கேட்டார். எப்போதும் வெள்ளைதான், சட்டையை உள்ளே விட்டிருப்பார், கையில் டிபன் பாக்ஸ் இருக்கும் என்றேன். எழுதிக்கொண்டு போன் செய்யப் போனார்.

நாலு மாதம் திறக்க முடியாத கதவைப் பதினொரு மணிக்குத் திறந்தார்கள். அமைச்சர் வரும்போது ஈரப்பதத்தைத் தளர்த்திக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறதாம். வராந்தாவில் கம்பளம், மைக், பூங்கொத்து. வாசலில் சிவப்பு ரிப்பன். ரிப்பனுக்கு உள்பக்கம் ஒரு மஞ்சள் கயிறு, அதுதான் படிவின் எல்லை. சீட்டு இல்லாமல் அதை யாரும் தாண்டக் கூடாது. நான் கயிற்றுக்கு உள்ளே நின்றேன். திறந்த கதவு இரண்டடி தூரத்தில் இருந்தது, அதற்கு இரண்டு பக்கமும் காவலாட்கள்.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"மாண்புமிகு அமைச்சர் அவர்களே. இந்தத் துறை தேடாத மலையில்லை, தோண்டாத குன்றில்லை. நாற்பது வருடத்தில் எதுவும் கிடைக்கவில்லை. ஏன் என்று இன்றுதான் தெரிகிறது. நாம் வேலை செய்த இடங்களில் எதுவும் உருவாகவில்லை. நாம் பன்னிரண்டு வருடம் எட்டிப் பார்க்காத இடத்தில்தான் உருவாகியிருக்கிறது. யாரும் இந்தக் கதவைத் திறக்கவில்லை. யாரும் ஒரு ஃபைலைக்கூட எடுக்கவில்லை. எத்தனை பேர் மனுக் கொடுத்தார்கள், எத்தனை பேர் அழுதார்கள், நாங்கள் அசையவில்லை. ஒரே ஒரு ஊழியர் கடமை உணர்ச்சியில் ஒரு நாள் உள்ளே போய்க் கூட்டியிருந்தால் இந்தத் தேசியச் சொத்து நமக்குக் கிடைத்திருக்காது. அந்தத் தவறை யாரும் செய்யாமல் பார்த்துக்கொண்ட பெருமை எங்கள் நிர்வாகத்தையே சேரும்."

பலத்த கைதட்டல். எனக்கு அதில் எதுவும் ஏறவில்லை. நான் கூட்டத்துக்குப் பின்னால் மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். போலீஸ்காரர் யாராவது ஏறி வந்து ஏதாவது சொல்லிவிடப் போகிறார் என்ற பயம்.

ஏறி வந்தது அப்பா. இந்தத் தடவை அவருக்கு வழி மறக்கவில்லை.

வெள்ளைச் சட்டை, உள்ளே விட்டிருந்தார். டிபன் பாக்ஸ். வாட்ச்மேன் பழைய பழக்கத்தில் சட்டென்று நிமிர்ந்து நின்றுவிட்டார். அப்பா யாரையும் பார்க்கவில்லை. டிபன் பாக்ஸை வழக்கமான இடத்தில் வைத்தார். வராந்தாக் கடைசியில் இருந்த குழாயில் ஒரு வாளித் தண்ணீர் பிடித்தார். வெள்ளையடிப்பவர்களின் துணி ஒன்றை எடுத்து நனைத்துப் பிழிந்தார். முப்பத்தோரு வருடம் அவர் காலையில் செய்த முதல் வேலை அதுதான், ரேக்கையெல்லாம் ஈரத்துணியால் துடைப்பது.

வாளியும் துணியுமாக வருகிற ஒரு மனிதரை எந்த ஆபீசிலும் யாரும் தடுப்பதில்லை. கூட்டம் விலகி வழி விட்டது. இயக்குநர், அமைச்சர் தரப்பு ஏற்பாடு என்று நினைத்தார். அமைச்சரின் ஆட்கள், இயக்குநர் ஏற்பாடு என்று நினைத்தார்கள். அப்பா குனிந்து ரிப்பனுக்கும் கயிற்றுக்கும் அடியில் நுழைந்து என் பக்கத்தில் வந்து நின்றார். உயிரோடு, முழுசாக. 

"அப்பா" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஃபைல் வேணும்னா வெளிய திறப்புகிட்ட நிக்கணும். உள்ள வரக் கூடாது. என்ன ஃபைல்?"

அடையாளம் தெரியவில்லை.  "போக்குவரத்துச் சீட்டுப் புத்தகம்" என்றேன்.

நேராக ஏழாம் நம்பர் ரேக்குக்குப் போனார். ஈரத்துணியால் ஒரு இழுப்பு. பன்னிரண்டு வருடப் படிவு வழிந்து தரையில் சொட்டியது. புத்தகத்தை உருவி என் கையில் கொடுத்தார். பிறகு எட்டாம் நம்பர் ரேக், ஒன்பது, சுவர் ஓரம், தரை. துடைத்துப் பிழிந்து, துடைத்துப் பிழிந்து போய்க்கொண்டே இருந்தார். அமைச்சர், எளிமையான தொடக்கம், பாராட்டுகிறேன் என்று கை தட்டினார். எல்லாரும் தட்டினார்கள். லென்ஸ் மேடம் ஒருவருக்குத்தான் என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தது. அவர் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். அப்பாவின் சட்டையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

வேலை முடிந்ததும் அப்பா வாளியைக் கொண்டுபோய், வழக்கம்போல, வராந்தாவில் இருந்த பூந்தொட்டியில் ஊற்றினார்.

அப்போதுதான் இயக்குநர் உள்ளே எட்டிப் பார்த்தார். சுத்தமான ஒரு ரூம். மைக் கையிலேயே இருந்ததால், "எங்க அது?" என்று அவர் கேட்டது கட்டடம் முழுக்கக் கேட்டது.

"கரைஞ்சிடுச்சு சார்" என்றார் லென்ஸ் மேடம்.

 துணை இயக்குநர்தான் துறையைக் காப்பாற்றினார். புத்தகத்திலிருந்து விரலை எடுத்து என்னைச் சுட்டிக் காட்டினார்.

"சார், இந்த ஆள் மேல இருக்கு. சட்டையில, தலையில, செருப்புல. இனிமே படிவு இவர்தான்."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் மஞ்சள் கயிற்றை அவிழ்த்து என்னைச் சுற்றிக் கட்டிவிட்டார்கள், ஒரு கஜ தூரம் விட்டு, நாலு பக்கமும் கம்பு நட்டு. சிவப்பு ரிப்பனும் எனக்கு முன்னால் வந்தது. இயக்குநருக்கு உயிர் திரும்பியது. மறுபடி மைக்கில் ஆரம்பித்தார். இந்தக் கனிமம் குளிரூட்டிய அறையில் பாதுகாக்கப்படும். இதற்கு இனிக் குளியல் கிடையாது. மழையில் வெளியே விட மாட்டோம். இதை ஆராய்ச்சியாளர்கள் பார்வையிட வார நாட்களில் நேரம் ஒதுக்கப்படும். இதன் பராமரிப்புக்குப் பதினொரு புதிய பதவிகள் கோரியிருக்கிறோம். அமைச்சர் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சீட்டுப் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி நின்றேன். நாலு மாதம் என்று சொன்னபோதாவது ஒரு கணக்கு இருந்தது.

வாளியில் புதுத் தண்ணீரோடு அப்பா திரும்பி வந்தார். நல்ல ரிக்கார்டு கீப்பர் இரண்டாவது தடவையும் துடைப்பார். கயிற்றுக்கு அடியில் நுழைந்தார், என் முன்னால் நின்றார், முகத்தைச் சுளித்தார்.

"என்னடா கோலம் இது?"

குரல் மாறியிருந்தது.

"சட்டையெல்லாம் பாரு. எங்க போய்ப் புரண்டுட்டு வந்த? உங்கம்மா பாத்தா என்ன சொல்லுவா? நில்லு, ஆடாத."

ஈரத்துணியை மடித்து என் நெற்றியில் வைத்தார். கண், மூக்கு, காதுக்குப் பின்பக்கம், கழுத்து. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் துடைத்துவிடுவாரே, அதே வரிசை. துணியைப் பிழிந்து சட்டைக் காலர், பாக்கெட், கை. குனிந்து என் செருப்பைக் கழற்றி அதையும் துடைத்தார். என் பாக்கெட்டிலிருந்து சாவிக் கொத்தை எடுத்து ஒவ்வொரு சாவியாகத் துடைத்தார். நான் அழுதேன். அதையும் துடைத்துவிட்டார்.

"தடுங்க, யாராவது தடுங்க" என்று இயக்குநர் கத்தினார். துணை இயக்குநர் பாய்ந்து வந்து கயிற்றுக்கு முன்னால் நின்றுவிட்டார். ஒரு காலைத் தூக்கினார், இறக்கினார். கயிற்றைத் தாண்ட அவரிடம் சீட்டு இல்லை. சீட்டுப் புத்தகம் என் கையில் இருந்தது. பாவம், அந்த மனிதர் விதியை மீறியதே இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு லென்ஸ் மேடத்தைப் பார்க்கச் சொன்னார்கள். அவர் என்னைக் கயிற்று ஓரம் வரச் சொல்லி, வெளியே நின்றபடியே குனிந்து, என் தலையிலிருந்து கால் வரை லென்ஸை வைத்துப் பார்த்தார். காலரின் மடிப்பில் வெள்ளையாக ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது எனக்கே தெரிந்தது. அவர் கட்டை விரலை நாக்கில் தொட்டு அதை ஒரு தேய் தேய்த்தார்.

"எதுவும் இல்ல சார். வெறும் ஆள்" என்றார்.

வெறும் ஆளுக்குச் சீட்டு தேவையில்லை. கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். அமைச்சர் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு எதை வெட்டுவது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக் கதவு கீல் கழன்று சுவரில் சாய்ந்து கிடந்தது. பூட்டு மட்டும் பூட்டியபடியே இருந்தது. கீலை உள்பக்கமாக மாற்றிக் கதவை நிறுத்தினேன். பூட்டைக் கழற்றி எடுத்துவிட்டேன். அதைத் திரும்பப் போட எனக்குக் கை வரவில்லை.

பத்து நாள் கழித்துக் கனிமத் துறையிலிருந்து கடிதம் வந்தது. ரிக்கார்டு ரூமில் மறுபடியும் வௌவால் வருகிறதாம். கனிமம் மீண்டும் படிவதற்கு வசதியாக இன்னும் பன்னிரண்டு வருடம் யாரும் திறக்காதபடி அதைப் பூட்டத் தீர்மானித்திருக்கிறார்களாம். ஒரு பூட்டு போதாது, இருப்பதிலேயே நல்லதாக இன்னொன்று வேண்டுமாம். அப்பாவின் பூட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பூட்டுவதற்கு முன்னால் உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள் என்றேன். அதற்கு விதி இருக்கிறதா என்று துணை இயக்குநர் புத்தகத்தைப் புரட்டினார். நானே உள்ளே போய் மூலை மூலையாகப் பார்த்துவிட்டு வந்தேன், வாட்ச்மேனைக் கதவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு. வராந்தாவில் அந்தப் பூச்செடி ஆள் உயரம் வளர்ந்து நின்றது.

இப்போது அப்பா தினமும் என்னோடு கடைக்கு வருகிறார். சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸோடு, சரியாக ஒன்பது மணிக்கு. பாக்ஸில் இப்போது சாப்பாடு இருக்கிறது. வந்ததும் வாளியில் தண்ணீர் பிடித்து, தொங்குகிற பூட்டுகளையெல்லாம் ஈரத்துணியால் துடைக்கிறார். ஒன்று விடாமல் துருப்பிடிக்கிறது. பிடிக்கட்டும்.